வாய் படாத டம்ளர்

மே 6, செவ்வாய்

மன்னித்துக்கொள் அம்மா. உன்னால் படிக்க முடியாத ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த டைரி நீ வேலைக்குப் போகும் மில் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. "புதுசாட்டமே கீது, தூக்கிப் போடப் பாத்தாங்க, படிக்கிற பொண்ணுக்கு ஆவும்" என்று முந்தானையில் துடைத்துக் கொடுத்தாய். இரண்டு வருடமாகப் பெட்டிக்குள் கிடந்தது. கடைசித் தேர்வும் முடிந்து, பாடம் சம்பந்தமாக எழுத ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் இதைத் திறக்கிறேன். இந்தத் தாளில் சனிக்கிழமை என்று அச்சாகியிருக்கிறது. அதை அடித்துவிட்டுச் செவ்வாய் என்று எழுதினேன்.

முதல் பக்கத்தில் பெயர், படிப்பு, முகவரி எழுதக் கோடு போட்டிருக்கிறார்கள். எழிலரசி. பி.எஸ்சி., வேதியியல். முகவரியில் செய்யாறு வட்டம் என்று போட்டு ஊர்ப் பெயரை எழுதினேன். தெருப் பெயர் எழுத இடம் போதவில்லை.

இன்று மதியம் ஈரோட்டிலிருந்து போன் வந்தது. கல்லூரிக்கு வந்து எழுத்துத் தேர்வு வைத்துவிட்டுப் போன மசாலா கம்பெனி. தரப் பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு பேர் வேண்டுமாம். நான்கு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி. கடைசி இன்டர்வியூ பதினான்காம் தேதி, முதலாளி வீட்டில், மதியச் சாப்பாட்டோடு.

"சாப்பாட்டோடவா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"லேபுக்கு ஆள் எடுத்தா எங்க முதலாளி கூட உக்கார வெச்சு ஒரு நேரம் சாப்பிடுவாருங்க. அதுதான் எங்க வழக்கம். மூக்கும் நாக்கும் எப்படின்னு பாக்கோணுமில்ல?" என்றார்.

மூக்கைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. கூட உட்கார்வதுதான் பயம்.

மே 9, வெள்ளி

அறையில் நானும் ஷாஹிதாவும் மட்டும்தான் மீதம். மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இருபதாம் தேதிக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். கொடியில் இரண்டு பேர் துணி மட்டும் தொங்குவதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஷாஹிதாவின் அத்தா ஆரணியில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். மனிதர்கள் சாப்பிடும் விதத்தைப் பார்த்தே அவர்கள் யாரென்று அவள் சொல்லிவிடுவாள். எனக்குப் பயிற்சி கொடுப்பதாகச் சொல்லி, துப்பட்டாவைத் துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியானாள்.

"ஏம்மா, இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கறது?"

"வேண்டாம் சார்."

"ஏய், உடனே வேணாம்னு சொல்லாத. பசிக்காத ஆளுக்கு எதுக்கு வேலைன்னு நெனப்பான்."

"போட்டுக்கறேன் சார்."

"அதுக்குன்னு தட்ட இப்படி நீட்டாதடி, ரேஷன் கடையா இது?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிறகு என் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் அண்ணாந்து குடித்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இத மொதல்ல வுடு. மூணு வருஷமா பாக்கறேன், எங்க போனாலும் கோழி மாதிரி கழுத்தத் தூக்கிக்கற. பதட்டத்துல மேல ஊத்திக்கப் போற. வாய் வெச்சுக் குடிடி, மனுஷி மாதிரி."

முயன்று பார்த்தேன். விளிம்பு உதட்டுக்குப் பக்கத்தில் வரும்போதே கை தானாக உயர்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் குடிப்போம். இத்தனைக்கும் வீட்டில் இருப்பது அம்மாவும் நானும்தான். அப்பா நான் பிறந்த வருடமே போய்விட்டார்.

ஷாஹிதா டம்ளரைத் திருப்பிப் பார்த்து, எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "வே.கி.ன்னு வெட்டியிருக்கே, யாரு வீட்ல சுட்டது?" மில் வீட்டுக்காரரின் பெயர் எழுத்து அது. எங்கள் வீட்டில் இருப்பதிலேயே கனமான பாத்திரம். எவர்சில்வர், அடியில் வளையம் போட்டது. விடுதிக்கு வரும்போது அம்மா அதைத்தான் என் பெட்டியில் வைத்தாள்.

"குடுத்தாங்க" என்றேன்.

"ஒத்த டம்ளர யாருடி குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

மே 12, திங்கள்

சுடிதாருக்கு இஸ்திரி போட்டேன். வெளிர் நீலம். வாய் வைத்துக் குடிக்க இன்று பன்னிரண்டு முறை முயன்றேன். இரண்டு முறை முடிந்தது. இரண்டு முறையும் பின்னால் யாரோ நிற்பது போலத் திரும்பிப் பார்த்தேன்.

மே 14, புதன்

காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து, சேலத்தில் மாறி, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கம்பெனியை ஒட்டியே முதலாளி வீடு. தெரு முழுக்க மல்லி வறுக்கும் வாசனை. தீ ஒரு சுற்று அதிகம் என்று தோன்றியது.

மற்ற மூன்று பேரும் வந்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, கண்ணாடி போட்ட ஒருவர், வியர்த்துக்கொண்டே இருந்த இன்னொருவர். முதலாளி சென்னியப்பன் ஐயாவுக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் மனைவி தெய்வானை அம்மாதான் சமையல், பரிமாறல் எல்லாம்.

"வாங்க கண்ணு, கூச்சப்படாம உக்காருங்க. இது பரீச்சை இல்ல, சோறு" என்றார் அந்த அம்மா. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பெரிய மேசை, எவர்சில்வர் தட்டு. அரிசியும்பருப்பும் சாதம், பூசணிக்காய்க் கூட்டு, கொள்ளு ரசம், அப்பளம், தயிர். எனக்கு எதிரில் முதலாளி. ஆண்களுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டதே இல்லை. ஷாஹிதா சொன்னதை வரிசையாக நினைத்துக்கொண்டு முதல் கவளத்தை எடுத்தேன். கூட்டு வாய்க்கு வருவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பாடு முடியும் நேரத்தில் ஐயா கேட்டார். "இப்ப சொல்லுங்க. எதுல குத்தம்?"

கோயம்புத்தூர்ப் பெண் எல்லாமே அருமை என்றாள். வியர்த்தவரும் அதையே சொன்னார். கண்ணாடிக்காரர் யோசித்து, ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்கிறது என்றார். ஐயா தலையாட்டினார். என் முறை வந்தது. பரிமாறிய அந்த அம்மா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்ட வீட்டில் குறை சொல்வது எப்படி? சொல்லாவிட்டால் ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

"கூட்டுல தேங்காய்... இன்னைக்கு அரைச்சது இல்லைங்க ஐயா. கெடல. ஆனா சாயந்தரம் வரைக்கும் தாங்காது."

ஐயா மேசையைத் தட்டிச் சிரித்தார். "நேத்தே அரைச்சுப் பிரிட்ஜுல வெக்கச் சொன்னது நானு! ஏம்மா தெய்வானை, கேட்டயா? எப்படிக் கண்டுபுடிச்சே அம்மிணி?"

"எங்க வீட்ல அம்மா அப்பப்ப புதுசா அரைச்சுத்தான் சமைப்பாங்க. அதனால பழசுன்னா தெரிஞ்சிடும்."

"அம்மா என்ன பண்றாங்க?"

"வீட்லதான் இருக்காங்க."

இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. மில் வீட்டில் மதியம் மீந்ததைத் தூக்குச்சட்டியில் போட்டு மூன்றரை மணிக்கு அம்மா கொண்டுவருவாள். கூட்டு, பொரியல், சில நாள் குழம்பு. வெயில் காலத்தில் அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் பாதி கெட்டிருக்கும். அம்மாவுக்கு அந்த வீட்டு ஊதுவத்திப் புகையும் பினாயிலும் போய்ப்போய் மூக்கு மந்தம். தூக்கைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டி, "மோந்து சொல்லுடி" என்பாள். சாப்பிடலாமா, கொட்டலாமா என்று ஆறு வயதிலிருந்து நான்தான் சொல்வேன். ஒரே ஒரு முறை தப்பாகச் சொல்லி இரண்டு பேரும் மூன்று நாள் படுத்துக் கிடந்தோம். அதற்குப் பிறகு தப்பியதில்லை.

இது ஐயாவிடம் சொல்லக்கூடியது அல்ல.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் விக்கல் வந்துவிட்டது. தெய்வானை அம்மா தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தார். வாய் வைத்துக் குடி, வாய் வைத்துக் குடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் எடுத்தேன். கழுத்து தானாக அண்ணாந்துவிட்டது. நான்கு பேரில் மூன்று பேர் டம்ளரில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கோழி மாதிரி. போதாததற்கு எழுந்தவுடன் என் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயைத் தேடிப் போய்க் கழுவ ஆரம்பித்துவிட்டேன். தெய்வானை அம்மா ஓடிவந்து, "வெச்சுடு கண்ணு, ஆளிருக்குது" என்றார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கெடுத்துக்கொண்டேன். கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன்.

மே 15, வியாழன்

போன் வரவில்லை. துணி துவைத்தேன்.

மே 17, சனி

தெய்வானை அம்மாவே பேசினார். வேலை எனக்கும் கண்ணாடிக்காரருக்கும். ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும்.

"அவரு உம் மூக்கப் பத்தியே ரெண்டு நாளாப் பேசறாரு. மூக்கெல்லாம் பழக்குனா வந்துரும் கண்ணு. நானு உனக்கு ஓட்டுப் போட்டது வேற ஒண்ணுக்கு. நீ தண்ணி குடிச்சதப் பாத்தேன். எச்சல் படாம, ஒரு சொட்டுச் சிந்தாம. எங்க மாமியார் அப்படித்தான் குடிப்பாங்க. தட்டயும் நீயே எடுத்துட்டுப் போனே பாரு, அப்பவே இவருகிட்டச் சொல்லிட்டேன், இது ஆசாரமான ஊட்டுப் புள்ளைன்னு. பொம்பளப் புள்ளைங்க தங்கறதுக்குக் கம்பெனி விடுதியிருக்குது. பெத்தவங்க வந்து கையெழுத்துப் போடோணும். ஒண்ணாந் தேதி உங்கம்மாவக் கூட்டிட்டு வா. அன்னைக்கு நம்மூட்லதான் சாப்பாடு. உன்ன வளத்தவங்களை நான் பாக்கோணும்."

"சரிங்கம்மா" என்றேன். மொத்தம் ஆறேழு முறை "சரிங்கம்மா" சொல்லியிருப்பேன்.

ஷாஹிதா என்னைத் தூக்கிச் சுற்றினாள். "எதுக்கு எடுத்தாங்களாம்?" என்று கேட்டாள். மூக்குக்கு என்றேன்.

மே 20, செவ்வாய்

விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பிரியும்போது ஷாஹிதா அழவில்லை. பஸ் கிளம்பிய பிறகு தூணுக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்தேன்.

அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். "எம் பொண்ணு மூக்குக்கு வேல குடுத்துக்கறாங்கோ. தூக்கத் தொறந்தா தேதி சொல்லுவா." எல்லோரும் சிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா தன் வீட்டுக் கருவாட்டைக் கொண்டுவந்து நீட்டி, "இது என்னிக்கிச் செத்துச்சின்னு சொல்லு பாப்போம்" என்றாள்.

அம்மாவை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது இல்லை. தண்ணீர் குடித்ததைப் பற்றிப் போனில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மே 25, ஞாயிறு

செய்யாறு போய் அம்மாவுக்கு ஒரு வாசலின் டப்பா வாங்கி வந்தேன். பாத்திரப் பவுடரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. வெயிலில் வலிக்கும் அல்லவா, அதற்காக. ஒரு வாரம் பூசினால் ஓரளவு மறைந்துவிடும்.

பிறகு ஒன்றாம் தேதி பற்றிய பேச்சைத் தொடங்கினேன்.

"அம்மா, அங்க நாற்காலியில உக்காரு. தரையில உக்காந்துடாத."

"சரி."

"சாப்ட்டுட்டுத் தட்டு கழுவப் போவாத."

"சரிடி."

"என்னா வேல செய்யறன்னு கேட்டா வீட்ல இருக்கேன்னு சொல்லு."

அம்மா வாசலின் பூசுவதை நிறுத்தினாள். "ஏன், மில் வூட்டு வேலைக்கு இன்னா? திருடவா போறேன்?"

"அதுக்கில்லம்மா. நான் அப்படிச் சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"பொய்தான சொன்ன?"

நான் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்தேன். அவளே, "சரி, எனுக்குப் பொய் வராது. வாய மூடிக்கினு இருக்கேன். போதுமா?" என்றாள். பிறகு டப்பாவை மூக்கருகே கொண்டுபோய், "வாசனையா கீதா?" என்று என்னிடம் கேட்டாள்.

மே 30, வெள்ளி

அம்மாவின் பச்சைச் சேலைக்கு ஓரம் அடித்தேன். ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்தேன். மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

கம்பெனி விடுதியில் என் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. அம்மா போன பஸ் இந்நேரம் சங்ககிரியைத் தாண்டியிருக்கும்.

அம்மா நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். நுனியில். விடுதிப் படிவத்தில் "பச்சையம்மாள்" என்று ஒவ்வொரு எழுத்தாக, மூச்சை அடக்கிக்கொண்டு போட்டாள். ஐயா பொறுமையாகக் காத்திருந்தார். "உங்க பொண்ணு பெரிய ஆளா வருவாளுங்க" என்றார். அம்மா சிரித்தாள். பாதிச் சாப்பாடு வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னபடியே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ரசம் பரிமாறும்போது அம்மா டம்ளரை எடுத்து அண்ணாந்து குடித்தாள். தெய்வானை அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க, பாருங்க! இதப் பாத்துத்தானுங்க உங்க பொண்ண எடுத்ததே. மூக்கு அது இதுன்னு இவரு சொல்றாரு. எனக்கு இதுதான். இந்தக் காலத்துல யாருங்க எச்சல் பாக்கறாங்க? எத்தன தலைமுறை ஆசாரம் இருந்தா இப்படி வரும்!"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"ஆசாரம் இல்லீங்கம்மா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் வேல செய்யுற வூட்ல அப்பிடித்தான் குடிக்கணும். அவங்க பாத்திரத்துல எங்க வாய் படக்கூடாது. பத்தொம்பது வருசமாப் பழகிப்போச்சி. புள்ளையும் அதையே புடிச்சிக்கிச்சி."

ஐயா அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓ" என்றார் தெய்வானை அம்மா. "வேலைக்குப் போறீங்களா."

"ஆமாங்க. அரிசி மில்லுக்காரங்க வூடு. நல்லவங்கதான். மீந்ததக் குடுப்பாங்க. அத மோந்து மோந்துதான் இதுக்கு மூக்கு இப்பிடி ஆயிடிச்சி." அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அதையும் சொல்லிவிட்டாள்.

"அதனால என்னங்க. நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க" என்றார் தெய்வானை அம்மா. தயிர் கொண்டுவரும்போது இன்னொரு முறை சொன்னார். வாசலில் வழியனுப்பும்போது மறுபடியும். பார்க்கிறீர்களா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் நான் அம்மாவிடம் கத்தினேன். ரோட்டில், ஆட்கள் பார்க்க. "வாய மூடிக்கினு இருக்கேன்னு சொன்னியே! ரெண்டு வார்த்த பேசாம இருந்தா உனக்கு என்னா போச்சு?"

அம்மா நடந்துகொண்டே இருந்தாள். நிழல் வந்ததும் நின்றாள்.

"எம் பொண்ணு மூக்குக்கு வேல குடுத்தாங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கினு வந்தேன். அந்தம்மா தண்ணி குடிச்சதுக்குன்னு சொல்லுது. நீயும் கேட்டுக்கினு குந்தினுகீற. எப்பிடிடி சும்மா இருக்கறது? அது நான் உனுக்குக் குடுத்ததா? எனுக்கு மில் வூட்ல குடுத்தது."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அந்த டம்ளர் எப்பிடி நம்ம வூட்டுக்கு வந்துச்சி தெரியுமா?" என்றாள்.

"அவங்க குடுத்தாங்க."

"குடுத்தாங்க." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப உனுக்கு அஞ்சு வயசு. நல்ல கத்திரி வெயிலு. பள்ளிக்கூடம் லீவுன்னு உன்னயும் மில் வூட்டுக்கு இட்டுக்கினு போயிருந்தேன். நான் பின்னால துணி கசக்கினு இருந்தேன். நீ தாகம்னு உள்ள போய், தொட்டி மேல இருந்த டம்ளர எடுத்து மொண்டு குடிச்சிட்ட. வாய் வெச்சி. அந்த வூட்டம்மா பாத்துடிச்சி. திட்டல. ஒண்ணும் சொல்லல. 'பச்சையம்மா, அத நீயே எடுத்துக்கினு போயிடு'ன்னு மட்டும் சொல்லிச்சி. அவங்க வூட்ல ஒரே மாதிரி பன்னெண்டு டம்ளர். அதுல ஒண்ணு."

அம்மா என்னை ஒரே ஒரு முறை அடித்திருக்கிறாள். எதற்கென்று நினைவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

"வூட்டுக்கு வந்து உன்ன அடிச்சேன். ஒரே அடி. நீ அப்பறம் எங்கியும் வாய் வெக்கல."

"அப்புறம் அது நம்ம டம்ளர்தானேம்மா. நம்ம வீட்ல கூட நீ ஏன் அதுல..."

"நம்புளுதுதான்" என்றாள். "ஆனா..."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "வேளாவேளைக்குச் சாப்புடு" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

முதல் நாள். வெள்ளை அங்கி கொடுத்தார்கள். கை நீளம் அதிகம், மடித்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு முதலாளி வீட்டில் வேலை செய்யும் ராசாமணி அக்கா டீ கொண்டுவந்தார். தட்டில் ஐந்து எவர்சில்வர் டம்ளர், ஒரு பேப்பர் கப். கப் எனக்கு. டம்ளர் குறைந்திருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

ஈரப்பதம் அளக்கும் கருவியைக் கற்றுக்கொண்டேன். பேப்பர் கப்.

ஜூன் 5, வியாழன்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பேப்பர் கப்தான் போல. நிரந்தரமானதும் டம்ளர் வரும் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிக்காரரும் என்னோடு இரண்டாம் தேதிதான் சேர்ந்தார். அவருக்கு டம்ளர்.

ஜூன் 9, திங்கள்

மிளகாய்த்தூள் மூட்டையில் ஒன்றில் பூஞ்சை வாடை இருந்தது. கருவியில் எல்லாம் சரியாகக் காட்டியது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டி. ஐயா எல்லோரையும் கூப்பிட்டு, "இந்த அம்மிணி மூக்கு இல்லீன்னா இந்நேரம் லாரி ஏறியிருக்கும்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நல்ல மனிதர்.

தெய்வானை அம்மா எல்லோருக்கும் கேசரி அனுப்பியிருந்தார். மற்றவர்களுக்குக் கிண்ணத்தில் வந்தது. எனக்கு வாழையிலைத் துண்டில், முந்திரி நிறையப் போட்டு. கூடவே, "நல்லாச் சாப்புடச் சொன்னாங்க" என்று ராசாமணி அக்கா சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கேசரி நன்றாக இருந்தது. நெய் புதுசு.

ஜூன் 10, செவ்வாய்

அம்மா போனில் பேசினாள். "எல்லாம் நல்லாப் பாத்துக்கறாங்களா?" என்றாள். நல்லாப் பாத்துக்கறாங்க என்றேன். "டீ எல்லாம் குடுக்கறாங்களா?" என்றாள். ரெண்டு வேளையும் என்றேன். அஞ்சலை அக்காவின் கருவாட்டுக் கதையைச் சொல்லி நிறையச் சிரித்தோம்.

ஜூன் 13, வெள்ளி

இன்று பெட்டியிலிருந்து வே.கி. டம்ளரை எடுத்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். கனம், அங்கி ஒரு பக்கமாக இழுத்தது.

பதினொரு மணிக்கு ராசாமணி அக்கா கப்பை நீட்டியபோது, "இதுல ஊத்துங்கக்கா" என்று டம்ளரை நீட்டினேன். அவர் ஒரு நொடி அதைப் பார்த்தார். எழுத்தைப் படித்தார்.

"யாருது சாமி இது?"

"என்னுது."

கப்பிலிருந்த டீயை அதில் ஊற்றினார். கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன். கழுத்து தானாகப் பின்னால் போகப் பார்த்தது. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டேன். விளிம்பு உதட்டில் பட்டது. சூடு. எவர்சில்வரின் வாசனை இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எனக்கு நினைவே இல்லை.

அந்தத் தண்ணீர் எனக்கு நினைவிருக்கிறது அம்மா. மண் தொட்டித் தண்ணீர். சில்லென்று இருந்தது. நீ அடித்ததும் நினைவிருக்கிறது. அடித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து நெடுநேரம் நீ திரும்பவே இல்லை. அதுவும்.

இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. நாளைக்கும் கப்தான் வரும். நானும் நாளைக்கு டம்ளரை நீட்டுவேன். வேலையை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. விட மாட்டேன். இந்த மூக்குக்கு இங்கேதான் வேலை.

இதையெல்லாம் உனக்குப் படித்துக் காட்டப் போவதில்லை. பேப்பர் கப் பற்றிச் சொல்லப் போவதில்லை. ரோட்டில் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்க மாட்டேன், கேட்டால் நீ "போடி" என்பாய். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று அதைத்தான் கேட்க வாயெடுத்தேன், வண்டி கிளம்பிவிட்டது.

நாளை மறுநாள் ஞாயிறு. டம்ளரோடு வருகிறேன். நம் பானையிலிருந்து அதில் தண்ணீர் மொண்டு உன் கையில் தருவேன். வாசலில் உட்கார்ந்து, தெருவே பார்த்தாலும் பார்க்கட்டும், அண்ணாந்து குடிக்காமல், விளிம்பில் உன் வாயை வைத்து ஒரே ஒரு தடவை குடி அம்மா.